திகதி

மாஸ்டர் காலமான செய்தி வட்சப்பில் வந்தபோது அங்கே விடிந்துவிட்டது, இங்கே இன்னும் முதல்நாள் இரவு. “திகதி, எங்கட சித்திர மாஸ்டர் போயிட்டார்” என்று நண்பன் அனுப்பியிருந்தான். என் சொந்தப் பெயரை மறந்தவர்களுக்கும் இந்தப் பட்டப்பெயர் ஞாபகம் இருக்கும். அது வந்த கதை எங்கள் வகுப்புக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் நான் மொனிட்டர். முதல் மணிக்கு முன் கரும்பலகையின் வலது மூலையில் திகதி எழுதுவது என் வேலை. ஒருநாள் பஞ்சியில், முதல்நாள் எழுதியிருந்த 7ஐ விரலால் தேய்த்து 8 ஆக்கிவிட்டுப் போய் இருந்துவிட்டேன். மாஸ்டர் வந்தார், மூலையைப் பார்த்தார். 8க்குள் 7 மங்கலாகத் தெரிந்தது.

“ஒரு இலக்கத்தை மாத்தினா நாள் மாறிடுமோ? எல்லாத்தையும் அழி. முதலில இருந்து எழுது.”

எழுதினேன். சரிவு, அழி. இடைவெளி கூட, அழி. பாடம் முழுக்க இதுதான். 40 பேர் சிரிக்க, என் கையெல்லாம் வெண்கட்டித் தூள். மணி அடித்தபோது பாதி எழுதியிருந்தேன். “நேரம் முடிஞ்சுது. அதையும் அழி” என்றுவிட்டுப் போனார்.

அந்த மனிசனை நான் கனகாலம் மன்னிக்கவில்லை. ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவரிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சரி, யாரிடம்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்?

2015இல் மகளோடு நியூயோர்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். மழைக்கு ஒதுங்கினோம் என்று சொன்னாலும் பிழையில்லை. சுருண்டு ஏறும் பாதை நெடுக ஒன் கவாரா என்ற ஜப்பானியரின் ஓவியங்கள். ஓவியம் என்றால், ஒற்றை நிறப் பின்னணியில் வெள்ளையாக அன்றைய திகதி. அவ்வளவுதான். 1966 ஜனவரி 4இல் தொடங்கி, கிட்டத்தட்ட 3,000 வரைந்திருக்கிறார். அச்சு வைக்காமல் எல்லாம் கையால். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். முடிந்ததற்கு ஓர் அட்டைப்பெட்டி, பலவற்றின் உள்ளே அன்றைய பத்திரிகைத் துண்டு. முந்திய ஆண்டுதான் இறந்திருந்தார்.

“இதுக்கும் மியூசியமா?” என்றாள் மகள். நான் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கிட்டப் போய்ச் சரிவு இருக்கிறதா, இடைவெளி சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றிலும் பிழை பிடிக்க முடியவில்லை. காவலாளி இரண்டு தரம் தள்ளி நிற்கச் சொன்னார்.

எந்த நாட்டில் நிற்கிறாரோ அந்த நாட்டு வழக்கப்படி திகதி எழுதுவாராம். ரோமன் எழுத்து இல்லாத நாடென்றால், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழியில். அப்படியென்றால் பிறந்த நாட்டுக்குப் போனாலும் தன் எழுத்தில் எழுதுவதில்லை. அன்றைக்கு இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் தமிழில் கடைசியாக எப்போது திகதி எழுதினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

நண்பர்களுக்கு ‘நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்’ என்று தந்தியும் அடித்துக்கொண்டிருந்தவர் கவாரா. அதை வாசித்த கையோடு மாஸ்டருக்கென்று ஒரு தபாலட்டை வாங்கினேன். முகவரி தெரியும். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ‘சேர்’ என்று தொடங்கவா, ‘மாஸ்டர்’ என்று தொடங்கவா என்பதிலேயே அந்த வருடம் போய்விட்டது.

செய்தி வந்த இரவு லாச்சியைக் கிளறி அதை எடுத்தேன். வலது மூலையில் திகதி மட்டும் இருக்கிறது, இந்த நாட்டு வழக்கப்படி மாதம் முதலில். எழுத்து கொஞ்சம் சரிவு.