நெட் லைஃப் சயின்ஸ் பார்ட் சி: நோட்டுகளைப் பிரித்து வைத்ததுதான் என் தப்பு

முந்தாநாள் நெட் தேர்வு ரிசல்ட் வந்தது. மூன்றாவது முயற்சியில் ஜேஆர்எஃப், அதாவது ஆராய்ச்சிக்கான உதவித்தொகை. நம்ப முடியாமல் நேற்று ராத்திரியும் ஒருதரம் லாகின் செய்து பார்த்தேன். பார்ட் ஏ, பி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சி மட்டும்.

முதல் இரண்டு தடவை நான் படிக்காமல் தோற்கவில்லை. அலகுக்கு ஒரு நோட்டு போட்டுப் படித்தேன், அதுதான் வினை. வைட்டமின் ஏ ஒரு நோட்டில், டி செல் (நோய் எதிர்ப்புச் செல்) இன்னொரு நோட்டில். ஒரு மாக் டெஸ்டில் கேட்டார்கள்: ஐஎஸ்எக்ஸ் ஜீன் இல்லாத எலிக்கு வைட்டமின் ஏ போதுமான அளவு கிடைத்தால் அதன் குடல் செல்லில் பிசிஓ1 என்ற என்சைம் என்ன ஆகும்? பெயரெல்லாம் மனப்பாடம், ஆனாலும் 'குறையும்' என்று போட்டு நெகட்டிவ் வாங்கினேன்.

அன்று ராத்திரியே தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தேன். தூண்டினால் நீல அம்பு, தடுத்தால் சிவப்புக் கோடு. முருங்கைக்கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் (உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் நிறமி) ஸ்கார்ப்1 என்ற புரதம் வழியாகக் குடல் செல்லுக்குள் வருகிறது, பிசிஓ1 அதை நடுவில் வெட்டி வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவமான ரெட்டினால்டிஹைடு இரண்டு ஆக்குகிறது, அதில் கொஞ்சம் ரெட்டினாயிக் அமிலமாகி ஆர்ஏஆர் என்ற ஏற்பியில் உட்கார்ந்து ஐஎஸ்எக்ஸை ஏற்றிவிட, ஐஎஸ்எக்ஸ் திரும்பி வந்து ஸ்கார்ப்1, பிசிஓ1 இரண்டையும் அடைக்கிறது. சரக்கு நிறைந்தால் கதவு சாத்தப்படும், குறைந்தால் திறக்கும். ஐஎஸ்எக்ஸே இல்லையென்றால் சாத்த ஆளில்லை, பிசிஓ1 உயர்ந்தே நிற்கும். கேரட் அதிகம் தின்றால் தோல் மஞ்சளாகுமே தவிர வைட்டமின் ஏ நஞ்சாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரையில் நேரடி வைட்டமின் ஏ-வாக வரும் ரெட்டினாலுக்கு இந்தக் கதவு கிடையாது.

அப்புறம் அதே தாளிலேயே இம்யூனாலஜி:

- மேற்பரப்பில் சிடி103 புரதம் உள்ள டென்ட்ரிடிக் செல்லும் (டி செல்லைத் தூண்டும் நோய் எதிர்ப்புச் செல்) ரால்டி என்சைமை வைத்து ரெட்டினாயிக் அமிலம் செய்கிறது.
- அந்த அமிலம் டி செல்லுக்கு ஆல்ஃபா4பீட்டா7, சிசிஆர்9 என்ற மேற்பரப்புப் புரதங்களைக் கொடுக்கிறது. குடலுக்குப் போக விலாசம் எழுதுவது மாதிரி (எலியில் 2004ல் காட்டினார்கள்).
- டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதமும் கூட இருந்தால் ஃபாக்ஸ்பி3 டி செல், அதாவது நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் வகை, உருவாகிறது.
- எலியில் கிளாஸ்ட்ரிடியா பாக்டீரியாக்கள் குடல் மேல்செல்லின் ஆர்டிஎச்7 என்சைமைக் (ரெட்டினாலை ரெட்டினாயிக் அமிலப் பாதையில் மாற்றுவது) குறைக்கின்றன. ரெட்டினாயிக் அமிலம் குறைகிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் ஐஎல்-22 என்ற சமிக்ஞைப் புரதமும் இறங்குகிறது.

கடைசி வரிக்கு மட்டும் ஒரு மணி நேரம் செலவழித்தேன். என்சைம், பாக்டீரியா, நோய் எதிர்ப்பு மூன்றும் அங்கேதான் ஒன்றாகச் சேர்கின்றன, பார்ட் சி கேட்பது இந்த மாதிரி இடத்தைத்தான்.

வரைந்ததும் ஒவ்வொரு பெயரையும் விரலால் மறைத்து, 'இது இல்லையென்றால்?' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் தனியாகப் படிக்கிற ஆள், குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. உங்களுக்கு ஒத்துவந்தால் எதிரில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

பார்ட் சியில் 25 கேள்வியையும் எழுதியே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள், நான் 19தான் எழுதினேன். அம்பு எந்தப் பக்கம் என்று தெரியாத கேள்வியைத் தொடவே இல்லை.

தாள்கள் 60க்கு மேல் சேர்ந்திருக்கின்றன. கேட்டால் படம் எடுத்துப் போடுகிறேன், சிவப்பு மை மங்கிப்போன இரண்டை மட்டும் திரும்ப வரையணும்.