கும்பகோணத்துக்குக் கேட்கிறதா?

தஞ்சாவூரில் ஒன்றும் கும்பகோணத்தில் ஒன்றுமாக இரு வளாகங்களைக் கொண்ட ஒரு கல்லூரியில், வகுப்பறைகளைக் காணொளி வழியே இணைக்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பேருந்தில் சென்று, ஒரு மணி நேரப் பாடம் நடத்தித் திரும்பும் ஆசிரியரின் அரைநாளை மிச்சப்படுத்துவதே நோக்கம். பார்வையிட வந்தவர்கள் எல்லோரும் திரையின் அளவை விசாரித்தார்கள். ஒலிவாங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டவர் எவரும் நினைவில் இல்லை. படம் கலங்கினால் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி அறுந்தால் வகுப்பு அந்த நொடியே நின்றுவிடும்.

படத்தின் சிக்கல் எளிதில் தீர்ந்தது. தொடக்க காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே எண்முறையில் தரவு அனுப்பும் ஐ.எஸ்.டி.என். இணைப்புகள் மூன்றைச் சேர்த்து நொடிக்கு 384 கிலோபிட் பெற்றோம். படம் 352 × 288 புள்ளிகள். பன்னிரண்டு அடிக் கரும்பலகையை முழுதாகக் காட்டினால் ஒரு புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டர் வரும் என்பதால், சமன்பாட்டின் கீழ்க்குறிகள் மறைந்துபோயின. மேசைமேல் கேமராவைக் குப்புற நிறுத்தி, தாளில் தடித்த பேனாவால் எழுதச் சொன்னோம்.

ஒலி அவ்வளவு எளிதில் வழிக்கு வரவில்லை. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அறுபது பேரை உட்கார வைக்க முடியாது. கூரையில் தொங்கிய ஒலிவாங்கியோ மாணவரின் குரலைவிட விசிறியின் இரைச்சலையே நன்றாக எடுத்தது. தஞ்சையில் பேசும் ஆசிரியரின் குரல் கும்பகோணத்து ஒலிபெருக்கியில் வெளிப்பட்டு, அங்குள்ள ஒலிவாங்கிக்குள் நுழைந்து, சற்றுத் தாமதித்து அவர் காதுக்கே திரும்பும்போது எவராலும் சரளமாகப் பேச இயலாது. எதிரொலி நீக்கும் கருவி அந்தக் குரலைக் கணித்துக் கழிக்கிறது என்றாலும், வெற்றுச் சுவரும் மொசைக் தரையும் கொண்ட அறையில் ஒலி பலமுறை பட்டுத் திரும்புவதால் எச்சம் மிஞ்சியது. தடித்த திரைச்சீலைகள் தொங்கவிட்ட பிறகே அது அடங்கியது.

தாமதத்தின் விளைவு இன்னும் நுட்பமானது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென ஏவப்பட்ட எடுசாட் போன்ற செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், அவற்றின் வழியே கேட்கும் கேள்விக்குப் பதில் வர அரை நொடியாவது ஆகும். பின்னாளில் வந்த ஒளியிழையில் 40 கிலோமீட்டரைக் கடக்க 0.2 மில்லிநொடி போதும். ஆனால் படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் கருவிகள் நேரத்தைத் தின்றன. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால், பொதுவாகக் கேட்கும் கேள்விக்குத் தஞ்சை மாணவர்களே முந்திக்கொள்வார்கள். கும்பகோணத்துப் பதில் வந்துசேரும்போது பாராட்டு முடிந்திருக்கும். நாளடைவில் அந்த வகுப்பு வாய் திறப்பதையே விட்டுவிட்டது. ஓய்வறையில் சிலர் இதை ஆர்வக்குறைவு என்று பேசியபோது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. கேள்வியை முதலில் கும்பகோணத்தாரிடம் கேட்டு, சற்றுக் காத்திருக்கும்படி ஆசிரியர்களை வேண்டினேன். கடைப்பிடித்தவர்களின் வகுப்பில் மௌனம் கலைந்தது.

அதற்குக் கும்பகோணத்து ஆய்வக உதவியாளரும் காரணம். கைக்குள் அடங்கும் ஒலிவாங்கியோடு வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்த அவர், “ஐயா, பின்வரிசைக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று தயங்காமல் இடைமறிப்பார். சுருங்கும் நெற்றியையும் மூடும் நோட்டையும் கேமரா காட்டாது. அவர் கண்டு சொல்லிவிடுவார்.

2020-க்குப் பிறகு இணையவழி வகுப்புகள் பழகிவிட்டதால் இவை தீர்ந்த சிக்கல்கள் என்று பலர் கருதுகிறார்கள். கைப்பேசியோடு தனியே அமர்ந்திருப்பவருக்கு ஒலிவாங்கி வாயருகிலேயே இருக்கிறது. நிறைந்த அறையின் கடைசி வரிசைக் குரலை எடுப்பது வேறு வேலை. அண்மையில் மற்றொரு கல்லூரி கருத்துக் கேட்டபோது, திரையைச் சிறிதாக்கி, இரண்டு வரிசைக்கு ஓர் ஒலிவாங்கி வைத்து, மறுமுனையில் ஓர் உதவியாளரை நியமிக்கும்படி எழுதிக்கொடுத்தேன். ஒலிவாங்கிகளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. உதவியாளர் பணியிடம் நிதிக்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது.