துறைக்கு அடியில் எவ்வளவு இருட்டு?

ஜூன் 4, 2024, செவ்வாய்

அனகோர்டெஸில் கப்பலேறி ஃப்ரைடே ஹார்பரில் வந்து இறங்கியாயிற்று. இந்தக் கோடை முழுக்க வாஷிங்டன் மாநிலத்தின் சான் ஹுவான் தீவில்தான் வேலை. ஒரு சிறு விரிகுடா. கரையில் பதினோரு வீடு, ஆறு தனியார் படகுத்துறை, நடுநீரில் படகு கட்ட ஒன்பது மிதவை. ஏழாவது துறை கட்ட ஒரு வீட்டுக்காரர் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அங்கே இருக்கும் கடற்புல்லுக்கு அதனால் என்ன ஆகும், ஏற்கெனவே இருக்கும் ஆறும் என்ன செய்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விரிகுடாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சின்னத் தீவு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் சொன்னேன். "புல்லு எண்ணுறதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 6, வியாழன்

அமாவாசை. ஊரில் அம்மாவுக்கு விரதம், இங்கே எங்களுக்கு வற்றம். கணக்குப்படி இன்று நீர், கடல் ஏற்றவற்ற அட்டவணையின் பூஜ்யத்துக்கும் கிட்டத்தட்ட 3 அடி கீழே இறங்கியது. இந்தக் கடலில் ஒரு வசதி: கோடையில் பெரிய வற்றம் பகலில் வரும், குளிர்காலத்தில் நள்ளிரவில் வரும். அதனால்தான் புல் கணக்கெடுப்பெல்லாம் கோடையில்.

பதினொரு மணிக்கெல்லாம் புல் சேற்றின்மேல் படுத்துவிட்டது. ஈல்கிராஸ் என்பார்கள், ரிப்பன் மாதிரி நீளமாக, வழுக்கிக்கொண்டு, ஒரே திசையில் வாரிவிட்ட தலைமுடிபோல் கிடக்கிறது. பாசி என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, பூத்துக் காய்க்கிற தாவரம். சேற்றுக்குள் வேர்த்தண்டு ஓடுகிறது, அதிலிருந்து கொத்துக்கொத்தாகத் தண்டுகள் எழும்புகின்றன. ஐம்பது சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டு, உள்ளே எத்தனை தண்டு என்று விரலால் பிரித்துப் பிரித்து எண்ண வேண்டும். முதல் சட்டத்தில் 43 என்றேன். எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி மறுபடி எண்ணி 51 என்றார். குனிந்து எண்ணும்போது ஒரு தண்டின் இலைகளை இரண்டு தண்டாக எண்ணுவது பொதுவான பிழையாம். நான் செய்தது அதற்கு நேர் எதிர். அதுவும் ஒரு திறமை என்றார்.

எண்ணுகிற கைக்குப் பக்கத்தில் எவ்வளவோ நடக்கிறது. இலைமேல் நகக்கண் அளவு நத்தை, குச்சிக்குக் கைகால் முளைத்தது போன்ற, இறால் சாயலில் ஒரு சிற்றுயிர். சேற்றில் சட்டைக் காலரைக் கழற்றிப் போட்டதுபோல் மணல் வளையம், அது நிலா நத்தையின் முட்டைக்கூடு. இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் இதே இலைகளில் ஹெர்ரிங் மீனின் முட்டை ரவை ஒட்டினாற்போல் இருந்திருக்கும். ஹெர்ரிங்கை சினூக் சால்மன் தின்கிறது, சினூக்கை இங்கேயே வாழும் ஓர்கா திமிங்கிலங்கள் தின்கின்றன. பக்கத்துக் கடற்கழியான பியூஜெட் சவுண்டின் சினூக் 1999-லும் அந்த ஓர்காக்கள் 2005-லும் அமெரிக்க அரசின் அருகிவரும் இனங்கள் சட்டத்தின் பட்டியலில் ஏறின. இப்போது புல்லை ஏன் எண்ணுகிறோம் என்று அம்மாவுக்குச் சொல்லலாம்.

ஜூன் 7, வெள்ளி

இருப்பதில் பழைய துறைக்குப் போனோம். சொந்தக்காரர் எண்பதைத் தாண்டிய பெரியவர், முன்பு தச்சர். எழுபதுகளில் அப்பாவோடு சேர்ந்து கட்டியதாம். தூண்கள் கிரியோசோட் எண்ணெயில் ஊறவைத்த மரம், வெயில் ஏறினால் இப்போதும் தார் வாசம் வருகிறது. அந்த எண்ணெயில் இருப்பவை மீன் முட்டைக்கு நஞ்சு. இப்போது புதிதாக அப்படிப்பட்ட தூண் நட விடுவதில்லை. இருப்பதையும் மாநில அரசு பல இடங்களில் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மேல்தளம் மட்டும் பத்து வருடம் முன் மாற்றினாராம். பலகைக்குப் பதில் கட்டம் கட்டமாக ஓட்டை விட்ட தளம், கிரேட்டிங். வெளிச்சம் கீழே இறங்கட்டும் என்று அரசு போட்ட நிபந்தனை.

தூண்களைச் சுற்றி ஒரு திட்டு. ஐம்பது வருடமாகத் தூணில் வளர்ந்த மட்டியும் பார்னக்கிளும் உதிர்ந்து உதிர்ந்து குவிந்தது. நட்சத்திர மீன்கள் தின்ன வந்து கிடந்தன, நண்டுகள் கிளறிக்கொண்டிருந்தன. மீன் நிறைய இருக்கிறதே, துறை நல்லதுதானே என்றார் பெரியவர். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த ஓட்டுக் குவியலில் புல் வேர்விட முடியாது. மெல்லிய சேறாக இருந்த இடம் சிப்பிக் கல்லாகிவிட்டது. அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல மனமில்லை. தலைவி சொல்லிவிட்டார். அவர் கோபப்படவில்லை, காபி கொடுத்தார்.

ஜூன் 19, புதன்

ஒளிமானிகளை இறக்கினோம். ஒவ்வொரு துறைக்கும் நான்கு: தளத்துக்கு நேர் கீழே ஒன்று, இரு பக்க ஓரத்தில் ஒவ்வொன்று, நிழலே படாத திறந்த நீரில் ஒன்று. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகக் குறித்துக்கொள்ளும்.

ஜூலை 1, திங்கள்

என் முட்டாள்தனத்தையும் எழுதிவைக்கிறேன். தரவை எடுத்து லாப்டாப்பில் போட்டால் எல்லாக் கோடுகளும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போகின்றன. திறந்த நீரிலும்! விரிகுடாவே இருண்டுவிட்டதா என்று ஒரு மணி நேரம் குழம்பினேன். மானியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடிமேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பு. டயாட்டம் என்ற நுண்பாசியின் படலம். நாலு நாளைக்கு ஒருமுறை இறங்கித் துடைக்க வேண்டியது என் பொறுப்பு, நான் வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று இருந்துவிட்டேன். முதல் நான்கு நாள் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டோம். அளவெடுப்பது மறுபடி முதலிலிருந்து.

ஜூலை 5, வெள்ளி

இன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது.

ஆறு துறைகளில் இரண்டின் கிரேட்டிங் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. ஒன்றின் கீழ் புல் மெலிந்தாலும் இருக்கிறது, மற்றதன் கீழ் அறவே இல்லை. ஓட்டை அளவில் வித்தியாசமில்லை. வித்தியாசம் திசையில். முதலாவது கரையிலிருந்து வடக்கே நீள்கிறது. காலையில் நிழல் மேற்கே விழுகிறது, மாலையில் கிழக்கே. எந்த இடத்திலும் நாள் முழுக்க நிற்பதில்லை. இரண்டாவது கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் நிழல் பகலில் பெரும்பகுதி நேரம் தன் காலடியையும் வடக்குப் பக்கத்தையும் விட்டு நகர்வதில்லை.

உயரமும் அப்படித்தான். தளம் நீரிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு நிழல் பரவி, நீர்த்து, இடம் மாறும். 1999-ல் மாசசூசெட்ஸ் கரையில் துறைகளை அளந்து வெளிவந்த ஆய்வும் இதையே சொன்னது: புல் பிழைப்பதை முதலில் தீர்மானிப்பது அடிமட்டத்திலிருந்து தளத்தின் உயரம், அப்புறம்தான் திசையும் அகலமும். படித்தபோது ஒரு வரியாகக் கடந்து போனேன். இன்று முழங்கால் நீரில் நின்றபோது அந்த வரி எனக்கு மேலே பாலமாக நின்றது.

எல்லாவற்றிலும் மோசம் துறையின் நுனியில் கட்டியிருக்கும் மிதவைத் தளம். அதற்கு உயரமே கிடையாது, நீர்மேல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். மேலே கிரேட்டிங் போட்டிருக்கிறார்கள், அரசு விதி கேட்ட அளவு ஓட்டையும் இருக்கிறது. ஆனால் மிதப்பதற்கு அடியில் நுரை நிரப்பிய பெட்டிகள் வேண்டுமே! ஓட்டை வழியாக இறங்கும் வெளிச்சத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டியின் தலையில் விழுகிறது. காகிதத்தில் வெளிச்சம், கீழே கும்மிருட்டு.

பெரியவர் துறையின் கிரேட்டிங்மேல் இரண்டு கயாக், அடுக்கிய நண்டுக் கூண்டுகள், அதற்குமேல் நீலத் தார்ப்பாய். அதன் நேர் கீழே இருந்த மானி திறந்த நீரில் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் காட்டவில்லை. கடற்புற்களுக்குப் பொதுவாக நீர்மேல் விழும் ஒளியில் பத்திலொன்றாவது வேண்டும், ஈல்கிராஸுக்கு அதற்கும் மேல். தார்ப்பாய்க்குக் கீழ் கணக்கு முடிந்தது. அவரிடம் சொன்னேன். "அப்போ எனக்கு அந்த விலை உயர்ந்த தளத்தை எதுக்குப் போடச் சொன்னாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஜூலை 6, சனி

முகமூடி போட்டு மிதந்தபடி மீன் பார்த்தோம். தண்ணீர் ஐஸ். விரல் நீளச் சால்மன் குஞ்சுகள் கரையோரமாகக் கூட்டமாக வந்தன. துறையின் நிழல்கோடு வந்ததும் அப்படியே நின்றுவிட்டன. சுவர் இருப்பதுபோல. இரண்டு முறை திரும்பிப் போய், கடைசியில் துறையைச் சுற்றி ஆழத்துப் பக்கமாகக் கடந்தன. ஆழத்தில் இவற்றைத் தின்ன ஆட்கள் உண்டு. சாயங்காலம் சூரியன் சரிந்து கோடு மங்கியதும் இன்னொரு கூட்டம் சாதாரணமாக அடியில் நுழைந்து போயிற்று.

சியாட்டில் நகரம் தன் கடற்சுவரைப் புதிதாகக் கட்டியபோது நீர்மேல் நீளும் நடைபாதையில் கண்ணாடிக் கட்டைகள் பதித்தது இந்தக் குஞ்சுகளுக்காகத்தான். போன வருடம் அதன்மேல் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே நடந்தேன், அலங்காரம் என்று நினைத்து.

ஜூலை 22, திங்கள்

மிதவைச் சங்கிலிகள். துறையைப் பற்றி எல்லோரும் சண்டை போடுகிறார்கள், இதை யாரும் கண்டுகொள்வதில்லை. அடியில் கான்கிரீட் பாளம், அதிலிருந்து மிதவைவரை கனத்த சங்கிலி. நீர் வற்றும்போது உபரிச் சங்கிலி தரையில் விழும். காற்றும் நீரோட்டமும் படகைச் சுற்றச் சுற்ற, சங்கிலி தரையைப் பெருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் பச்சைக்கு நடுவே வட்ட வட்டமாக மொட்டை. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி.

இதற்கு மருந்து எளிது. திருகாணிபோல் தரைக்குள் முறுக்கி இறக்கும் நங்கூரம் போட்டு, கயிற்றின் நடுவில் ஒரு சிறு மிதவை கட்டினால் எதுவும் தரையைத் தொடாது. ஒன்பதில் இரண்டு அப்படி இருக்கின்றன, அவற்றைச் சுற்றிப் புல் நிற்கிறது. என்னைக் கேட்டால் ஏழாவது துறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மீதி ஏழு சங்கிலிகளையும் மாற்றச் சொல்வேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அறிக்கை எழுதுகிறோம். எழுதுவதைவிட அடித்துத் திருத்துவது அதிகம்.

விண்ணப்பத்தோடு ஏற்கெனவே ஒரு ஆய்வறிக்கை இணைத்திருந்தார்கள், காசு கொடுத்து ஒரு நிறுவனத்திடம் வாங்கியது. "கடற்புல் காணப்படவில்லை." தேதியைப் பார்த்தால் டிசம்பர். குளிரில் இலை குட்டையாகி, தண்டு குறைந்து கிடக்கும் காலம். படகிலிருந்து கேமராவை இரண்டு முறை இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே கோட்டில் ஜூலையில் நாங்கள் பதினாறு சதுரச் சட்டம் போட்டு எண்ணினோம், பன்னிரண்டில் புல் இருந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பார்க்கக் கூடாத நேரத்தில் பார்த்தார்கள்.

எங்கள் பக்கமும் ஓட்டை இருக்கிறது, அதைத்தான் நாள் முழுக்கப் பேசினோம். ஆறு துறைகளுக்கும் கட்டுவதற்கு முந்தைய கணக்கு கிடையாது. அதனால் துறை உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிடுகிறோம். ஆனால் துறை கட்டுபவர் காற்றடிக்காத, சரிவு குறைந்த, வசதியான இடமாகப் பார்த்துத்தான் கட்டுவார். பக்கத்தில் காலியாக இருப்பது பாறை. அதை எப்படி ஒப்பிட? அதோடு துறை தனியாக வருவதில்லை. வீடு, புல்வெளி, கழிவுநீர்த் தொட்டி, கரைச்சுவர் எல்லாம் சேர்ந்து வருகின்றன. எந்தக் குறை யாருடையது?

இதே தீவில் வெஸ்ட்காட் விரிகுடாவின் உள்பகுதியில் இருந்த புல், 2003 வாக்கில் கிட்டத்தட்ட முழுதாக மறைந்தது. துறைகளின் நிழலை வைத்து விளக்க முடியாத அளவு பரப்பு. நோய், வெப்பம், கலங்கல் என்று எவ்வளவோ காரணங்கள் பேசப்பட்டன. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் "துறையினால்" என்ற சொல்லை எழுத வேண்டியிருக்கிறது. நிழல் விழும் இடத்தில் துணிந்து எழுதினோம், அங்கே மானி சாட்சி. விரிகுடா முழுமைக்கும் எழுதும்போது "கூடும்" சேர்த்தோம்.

விண்ணப்பதாரர் தொலைபேசியில் கேட்டது: "என் துறை எவ்வளவு சின்னது தெரியுமா? அதனால் ஓர்கா சாகுமா?" சாகாது. அவர் சொல்வது சரி. அவருக்கு முன் கட்டிய ஆறு பேர் சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். 1971-ல் வந்த மாநிலக் கரையோரச் சட்டத்தில், உப்புநீரில் 2,500 டாலருக்குள் முடியும் வீட்டுத் துறைக்குப் பெரிய அனுமதி வேண்டாம் என்று ஒரு விலக்கு உண்டு (இன்று அந்தக் காசுக்கு நாலு தூண்கூட நட முடியாது, அது வேறு கதை). சின்னது என்றால் பரவாயில்லை என்ற எண்ணம் சட்டத்துக்கே இருந்திருக்கிறது. ஆறு துறைகளின் நிழலையும், ஏழு சங்கிலி வட்டத்தையும், கேட்கும் ஏழாவதையும் ஒரே வரைபடத்தில் போட்டு முதல் பக்கத்தில் வைத்தோம். துறையைக் கட்டியே தீருவதானால் வடக்கு தெற்காக, உயர்த்தி, ஒடுக்கமாக, மிதவைத் தளத்தைப் புல் முடியும் ஆழத்துக்கு அப்பால் வைக்கச் சொல்லியிருக்கிறோம். இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் துறையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அவர் முகம் எப்படிப் போகும் என்று தெரியும்.

செப்டம்பர் 14, சனி

இனி நல்ல பகல் வற்றம் அடுத்த வசந்தத்தில்தான். நீரில் மூழ்கி மானிகளையும் கம்பிகளையும் பிடுங்கினோம். அனுமதி விஷயம் இன்னும் மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது.

பெரியவர் கயாக்குகளைக் கராஜ் சுவரில் மாட்டிவிட்டார். ஜூலை மாதமே தார்ப்பாயை எடுத்துவிட்டாராம், என்னிடம் சொல்லவில்லை. நண்டுக் கூண்டுகள் மட்டும் அங்கேயே. "சீசன் முடியட்டும்" என்றார். கிளம்புவதற்கு முன் அடியில் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் எதுவும் வராது, வேர்த்தண்டு ஓரத்திலிருந்து மெல்ல ஊர்ந்துதான் வர வேண்டும் என்றேன். சரி, இருந்தாலும் எண்ணு என்றார்.

முதல் சட்டம் 0. இரண்டாவது 0. மூன்றாவதில் வெறும் ஓடு. தார்ப்பாயின் ஓரம் இருந்த இடத்தில், நான்காவதின் மூலையில், நுனி பழுத்த தண்டு ஒன்று. சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று இரண்டு முறை பார்த்தேன். உள்ளேதான். 1 என்று எழுதிக்கொண்டு மேலே வந்தேன்.