பழைய பிரவுசர்ல வர்றவங்களும் படிவத்த அனுப்பணும்ல

ஒரு விண்ணப்பப் படிவம் பண்ணிக் குடுத்திருந்தோம். லைவ் போயி ரெண்டு நாள்தான் ஆச்சு, கிளையண்ட் ஆபீஸ்ல இருந்து போன், ஒரு அம்மா கூப்பிட்டு எல்லாத்தையும் நிரப்பிட்டேன், கடைசில இருக்கற பட்டன அமுக்குனா அப்படியே நிக்குதுன்னு சொல்றாங்களாம். எங்க மெஷின்ல நல்லாதான் ஓடுச்சு. கேஷ் கிளியர் பண்ணச் சொல்லுங்க, பிரவுசர அப்டேட் பண்ணச் சொல்லுங்கன்னு வழக்கமா சொல்றதத்தான் நானும் சொன்னேன். அவங்க கையில இருந்தது பழைய ஆண்ட்ராய்டு போன், அதுல குரோம் அப்டேட் நின்னு பல வருஷமாச்சு, இனிமே வரவும் வராது.

அந்தப் பழைய வெர்ஷன எமுலேட்டர்ல, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடற போலி போன்ல போட்டு, எரர் காட்டற கன்சோலத் திறந்தா சிவப்புல ஒரே ஒரு வரி, சிண்டாக்ஸ் எரர், எழுதுன விதம் புரியலன்னு. பக்கத்துக்குள்ளயே நேரா எழுதின சின்ன ஜாவாஸ்கிரிப்ட் அது, புது கோட பழைய பிரவுசருக்குப் புரியற மாதிரி மாத்தற பேபல் வழியாப் போயிருந்தா தப்பிச்சிருக்கும். அதுல ஒரு எடத்துல கேள்விக்குறியும் புள்ளியும் சேத்து ஆப்ஷனல் செயினிங் எழுதியிருந்தேன், ஒரு மதிப்பு இல்லன்னாலும் எரர் வராம இருக்கறதுக்கான குறி. அது குரோம்ல வந்ததே வெர்ஷன் 80லதான், 2020ல. அதுக்கு முந்தின பிரவுசருக்கு அந்த ரெண்டு குறி புரியாது, சரி புரியல, அந்த வரிய மட்டும் விட்டுட்டு மிச்சத்த ஓட்டலாம்ல, ஓட்டாது, அந்த ஸ்கிரிப்ட் மொத்தத்தையும் தள்ளிரும். பட்டனுக்கு உயிர் குடுக்கற கோடு அதுக்குக் கீழதான் இருந்துச்சு. நாலு பக்க விவரத்த பொறுமையா டைப் பண்ணிட்டு வந்தவங்களுக்கு ஒரு எரர் மெசேஜ் கூட வரல. எனக்கு ரொம்ப உறுத்துனது அதுதான்.

ஆனா யோசிச்சுப் பாத்தா அந்த ரெண்டு குறி மேல பழி போட முடியாது. நான் பட்டன்னு வெச்சது பட்டனே இல்ல, அழகா கலர் அடிச்ச ஒரு டிவ், வெறும் பெட்டி. நிஜமான ஃபார்ம் டேகு, நிஜமான சப்மிட் பட்டன், அனுப்புனா வாங்கிக்க சர்வர்ல ஒரு எடம், இது மூணும் இருந்திருந்தா ஸ்கிரிப்ட் செத்தாலும் படிவம் போயிருக்கும்.

பக்கத்தக் கட்டற எச்டிஎம்எல்லும் அத அழகு பண்ற சிஎஸ்எஸ்ஸும் இந்த விஷயத்துல எவ்வளவு நல்லதுன்னு நமக்கு மறந்தே போச்சு. தெரியாத டேக் வந்தா உள்ள இருக்கற எழுத்த காட்டிட்டுப் போகும், சிஎஸ்எஸ்ல புரியாத வரி வந்தா அதத் தாண்டி அடுத்த வரிக்குப் போகும். அதனாலதான் முதல் வரில சாதாக் கலரு, அடுத்த வரில ஒரு கலர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறற கிரேடியண்ட்னு எழுதி வெச்சா பழசு சாதாவ எடுத்துக்கும், புதுசு கிரேடியண்ட எடுத்துக்கும், எந்த செக்கும் தேவையில்ல. ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடையாது.

நான் வேலைக்கு வந்த புதுசுல எல்லாம் ஐஇ 6தான், மைக்ரோசாஃப்டோட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். 2001ல வந்தது, அடுத்த வெர்ஷன் வர்றதுக்கு 2006 அக்டோபர் ஆயிருச்சு, அந்த அஞ்சு வருஷமும் அதத்தான் கட்டிக்கிட்டு இருந்தோம், அதுக்கப்புறமும் சீக்கிரம் விடல. ஃப்ளோட் பண்ணி இடது பக்கம் ஒதுக்கின டிவ்வுக்கு அந்தப் பக்கம் 10 பிக்சல் மார்ஜின், அதாவது வெளி இடைவெளி குடுத்தா அது 20ஆ காட்டும், டிஸ்ப்ளே இன்லைன்னு ஒரு வரி சேத்தா சரியாயிரும். பின்னணி தெரியற மாதிரி பிஎன்ஜி போட்டா லோகோ சுத்தி சாம்பல் கட்டம் வந்து நிக்கும். அதுக்குன்னு ஐஇ மட்டும் படிக்கற கண்டிஷனல் கமெண்ட்ல தனி ஸ்டைல்ஷீட் போட்டு ராத்திரி ராத்திரியா ஒக்காந்து எல்லாப் பிரவுசர்லயும் பிக்சல் பிசகாம ஒரே மாதிரி கொண்டு வருவோம். கிளையண்டும் ரெண்டு ஸ்கிரீனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுதான் பாப்பாரு. இப்ப நெனச்சா அந்த ராத்திரியெல்லாம் வட்ட மூலைக்குப் போச்சு. பழைய பிரவுசர்ல வந்தவருக்கு மூலை வட்டமா இருக்கா சதுரமா இருக்கான்னா கவலை? அவரு வந்த வேலை முடியணும், அவ்வளவுதான்.

இன்னொரு கெட்ட பழக்கம், பிரவுசர் பேரையும் நம்பரையும் பாத்து ஆள உள்ள விடறது. 2009ல ஓபரா 10 வந்தப்ப அது தன்ன 9.80ன்னுதான் சொல்லிக்கிச்சு, ஏன்னா நெறைய ஸ்கிரிப்டுங்க முதல் இலக்கத்த மட்டும் படிச்சுட்டு இது ஓபரா 1ன்னு முடிவு பண்ணிருச்சு. நல்ல புதுப் பிரவுசர் நம்ம சோம்பேறித்தனத்தால பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. பேர் பாக்காதீங்க, அந்த வசதி இருக்கான்னு மட்டும் கேளுங்க, அதுக்குத்தான் ஃபீச்சர் டிடெக்ஷன்.

உங்க பிரவுசர் பழசு, அப்டேட் பண்ணுங்கன்னு மேல ஒரு பட்டை போடுவோமே, அதுவும் எனக்கு இப்ப மனசுக்கு ஒப்பல. விண்டோஸ் எக்ஸ்பில இருக்கறவரு ஐஇ 8 தாண்ட முடியாது, குரோம் 49 தாண்ட முடியாது. பழைய ஐபோன்ல சஃபாரி அந்த ஐஓஎஸ்ஸோட ஒட்டுனது, வேற பிரவுசர் எறக்குனாலும் உள்ள ஓடறது சஃபாரியோட அதே வெப்கிட் இன்ஜின்தான். ஆபீஸ் மெஷின்ல உக்காந்திருக்கறவங்களுக்கு எதையும் இன்ஸ்டால் பண்ற உரிமையே இருக்காது. இவங்ககிட்டப் போயி அப்டேட் பண்ணுன்னா என்ன பண்ணுவாங்க? பாதுகாப்பு விஷயம் வேற, பணம் கட்டற பக்கத்துல பழைய டிஎல்எஸ், அதாவது தகவல மறைச்சு அனுப்பற முறையோட பழைய வெர்ஷன அனுமதிக்க முடியாதுதான், அங்க நேரா சொல்லிரணும், கூடவே ஒரு போன் நம்பரும் குடுக்கணும்.

அந்தப் படிவத்த அன்னிக்கே பிரிச்சு நிஜ ஃபார்மா மாத்துனேன். ஸ்கிரிப்ட் இருந்தா அங்கங்க தப்ப சொல்லும், இல்லன்னா சர்வர் பாத்து திருப்பி அனுப்பும், ஏற்கனவே டைப் பண்ணினது அழியாம. பழைய வெர்ஷன்ல பாக்கறப்போ கட்டமெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மொட்டையா நின்னுச்சு, டிசைனரா கொஞ்சம் வருத்தம்தான். மறுநாள் சாயங்காலம் சர்வர் லாகப் பாத்தேன், குரோம் 80க்கு முந்தின வெர்ஷன்ல இருந்து ஒரு படிவம் முழுசா வந்திருந்துச்சு. அந்த அம்மாவான்னு தெரியாது. கிளையண்ட் ஆபீஸுக்கு போன் போட்டு, அவங்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவ போட்டுப் பாக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன்.