அபு முப்படங்கள்: இதுவரை மூன்று ஞாயிறு

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை நான் முதலில் பார்த்தது விசிடியில். சிறுவன் அபுவும் அக்கா துர்காவும் ரயில் பார்க்க ஓடும் இடத்தில் நாணல் பூ எது, ரயில் புகை எது என்றே பிரித்துப் பார்க்க முடியாது. அப்படியும் மனசை விட்டுப் போகாத படம், அதனால்தான் அபுவின் கதையைத் தொடரும் ‘அபராஜிதோ’, ‘அபூர் சன்சார்’ இரண்டையும் சேர்த்து, 4கே-யில் சீரமைத்த மூன்று படங்களும் அடங்கிய அமெரிக்க ப்ளூ-ரே பெட்டியை வாங்கினேன்.

முதல் ஞாயிறு வீண். ப்ளூ-ரே டிஸ்க்குகளை உலகப் பகுதிவாரியாகப் பூட்டியிருப்பார்கள்; இந்த டிஸ்க் அமெரிக்காவுக்கான ரீஜன் ஏ, என் ப்ளேயர் இந்தியாவுக்கான ரீஜன் சி. வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும். பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணை ரிமோட்டில் தட்டிப் பார்த்ததில் டிவிடி ரீஜன் மட்டும்தான் திறந்தது. கடைசியில் எல்லா ரீஜனும் ஓடும் ப்ளேயரை நண்பரிடம் வாங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு படம் ஓடியது, ஆனால் டிவி சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு. டிவி தானாக இடைப் படங்களைச் செருகி அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்து, ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்து, ‘ஜூம்’ மோடையும் எடுத்துவிட்டேன். அகலம் உயரத்தைவிடக் கொஞ்சமே அதிகமான இந்த 1.37:1 படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெட்டுப்படும்.

சரி, அதன் பிறகு பார்த்ததுதான் படம். இந்திர் பாட்டியாக வரும் சுனிபாலா தேவியின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும், மழைக்கு முன் குளத்து நீரில் தத்தும் பூச்சிகளும் அத்தனை துல்லியம். இத்தனைக்கும் இந்தப் படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் கருகியவை. மிஞ்சியதைத் தூக்கிப் போடாமல் ஆஸ்கர் விருது தரும் அகாடமியின் திரைப்படக் காப்பகம் பத்திரப்படுத்தியது. தொட்டால் ஒடியும் அந்தச் சுருள்களை இருபது வருஷம் கழித்து இத்தாலியின் போலோன்யாவில் ஈரமேற்றி மென்மையாக்கி, பழைய பசையை நீக்கி, கிழிந்த ஓரத் துளைகளைக் கையாலேயே சரிசெய்து, ஏறக்குறைய 1,000 மணி நேரம் உழைத்திருக்கிறார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே வந்தவை, மீதி நகல்களிலிருந்து எடுத்தது.

மூன்றாவது ஞாயிறு ‘அபராஜிதோ’. காசி வீட்டு முற்றத்தில் விழுவது நிஜமான பகல் வெளிச்சம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது ஸ்டூடியோ செட். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழேயிருந்து விளக்கடித்து, துணியில் பட்டுத் திரும்பும் ஒளியில் எடுத்திருக்கிறார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. விசிடியில் வெறும் சாம்பல் நிறமாகக் கிடந்த சுவரில் இப்போது அந்த ஒளி மெல்ல மங்கிக்கொண்டே போவது தெரிகிறது. அந்த முற்றத்துக் காட்சிகளை மட்டும் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

‘அபூர் சன்சார்’ பாக்கி. அதில் கருகிய நெகட்டிவ் எதுவுமே உதவவில்லையாம், முழுக்க நகல்கள்தான். முற்றத்துச் சுவரில் கண்ட மாதிரி ஒளி மெல்ல மங்குவது அதிலும் தெரிகிறதா என்று வருகிற ஞாயிறு பார்க்க வேண்டும். நண்பர் ப்ளேயரை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.