பலகையில் என் பெயர்

பிப்ரவரி 6

தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் இன்று முதல் கூட்டம். "இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்" என்றார் தலைவர். சம்பளத்தைக் கூட்ட மனமில்லாத முதலாளிகள் சொல்லும் வசனம் அல்லவா இது! இங்கே சம்பளமே கிடையாது என்பதால் பொறுத்துக்கொண்டேன். வாரத்தில் ஒரு மாலையாவது நான்கு சுவருக்கு வெளியே கழியட்டும் என்றுதான் சேர்ந்தேன். குடும்பம் தேடி வரவில்லை.

பிப்ரவரி 20

குழாய் கழுவும் வேலை. துணிக்குழாயை ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடித்து இற்றுப்போகும். அதனால் கோபுரத்தில் முழு நீளத்துக்கும் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். சொட்டுகிற தண்ணீர் எல்லாம் கீழே நிற்பவன் தலையில். அந்த இடம் புதியவனுக்கு என்பது எழுதாத சட்டமாம். பம்ப் இயக்கும் அண்ணன் மாலை முழுவதும் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "முறுக்கு விழாமல் சுருட்டு."

மார்ச் 27

மூச்சுக் கருவிப் பயிற்சி. உள்ளே போகுமுன் பெயர்ச் சீட்டைக் கழற்றி வாசலில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பலகையில் செருகி, சிலிண்டரின் அழுத்தத்தையும் நுழைந்த நேரத்தையும் எழுதி, காற்று தீரப்போவதைச் சொல்லும் எச்சரிக்கை விசில் எப்போது ஊதும் என்று கணக்கிடுவார். ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் 45 நிமிடம் வரும். அது காகிதக் கணக்கு. குழாயை இழுத்துக்கொண்டு படியேறுகிறவன், அதிலும் பயந்தவன், அதைவிட வேகமாகத் தீர்த்துவிடுவான்.

"நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்று பலகை அக்கா என்னைத் திரும்பத் திரும்பப் படியேற்றி, அழுத்தமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். சீட்டு பலகையில் இருக்கும்வரை ஒருவரும் இடத்தைவிட்டு நகர மாட்டார்களாம்.

எத்தனை மணிக்கு வீடு திரும்பினாய் என்று கேட்க ஆளில்லாமல் பல வருடங்கள் ஓட்டியவன் நான். இன்று ஒருவர் என் மூச்சுக்குக் கணக்கு எழுதுகிறார். தலைவரின் வசனத்தைவிட அந்தப் பலகை மேல் எனக்கு நம்பிக்கை.

ஏப்ரல் 11

படித்தது: 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தொடங்கிய தன்னார்வக் குழுவில், மாதக் கூட்டத்துக்கு வராதவர்கள் அபராதம் கட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் ஏணியும் தீயணைப்பு இயந்திரமும் வாங்கினார்களாம். ஒருவன் வராமல் போனால் அது மற்றவர்களுக்குக் குறை என்று ஏட்டில் பதிகிற இடம். எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் தலைவரிடம் சொல்லப்போவதில்லை, உடனே அமல்படுத்திவிடுவார்.

மே 18

முதல் வீட்டுத் தீ. ஆட்களுக்கு ஆபத்தில்லை. புகை இடுப்பளவு இறங்கியிருந்தது. முன்னால் எங்கள் குழுத் தம்பி தவழ, அவன் காலணியில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாகப் பின்தொடர்ந்தேன். உள்ளே நடந்ததில் பாதி நினைவில்லை. வெளியே வந்ததும் அக்கா சீட்டைக் கையில் திணித்து, "அப்படியே வண்டியில் ஏறினால் தொலைத்துவிடுவேன்" என்று குழாயைத் திறந்து இருவரையும் தலை முதல் கால் வரை கழுவினார். கரி அப்பிய உடையோடு உட்காரக் கூடாது. தீயணைப்பாளர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று 2022இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சோப்பு நுரையோடு திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். கடைசியாக யார் என்னை இப்படித் திட்டினார்கள்?

ஜூன் 9

நேற்றிரவு சாலை விபத்து அழைப்பு. அதைப் பற்றி எழுதமாட்டேன்.

இன்று பயிற்சி நாள் இல்லை. தூக்கம் வராமல் நிலையத்துக்குப் போனால் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். சுத்தமாக இருந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "எப்படி இருக்கிறாய்" என்று யாரும் கேட்கவில்லை. பம்ப் அண்ணன் ஒரு துணியை என்னிடம் எறிந்தார். இருட்டும்வரை துடைத்தோம். நடுவே தம்பி கொஞ்சம் பேசினான், அண்ணனும் பேசினார். நானும்.

ஜூலை 3

பயிற்சியில் பலகை என் பொறுப்பு. அண்ணன் உள்ளே போயிருந்தார். குறித்த நேரம் நெருங்கியும் ஆள் வரவில்லை. ரேடியோவில் அழைத்தால், "பயிற்சிதானே, வருகிறேன்" என்று சாவகாசமாகப் பதில். வந்தவரை எல்லோர் முன்பும் சத்தம் போட்டுவிட்டேன். "இருபது வருட அனுபவம், எனக்குத் தெரியாதா" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார், இன்னும் பேசவில்லை. நாளை குழாய் கழுவும் முறை எங்கள் இருவருக்கும். நான் கீழே நிற்பதாக இல்லை.