முதலில் பிறை, அப்புறம் டிக்கெட்

போன வாரம் மச்சான் போன் பண்ணினான். "இந்தத் தடவை கிரிஸ்மஸ் தீவுக்கு நானும் வரேன், எந்தத் தேதிக்கு டிக்கெட் போடட்டும்?" என்று கேட்டான். ஆபீஸில் அவனுக்கு லீவு கிடைக்கிற வாரம் ஒன்று இருக்கிறது, அதிலேயே போய்விட்டு வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. முதல் தடவை போனபோது நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன், அதன் பலனை ஆறு நாளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அனுபவித்தேன். அவனுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். அங்கே தூண்டிலோடு போக ஆசைப்படுகிற வேறு யாருக்காவது பயன்படும்.

எந்தத் தீவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் தீவு என்ற பெயரில் உலகத்தில் இரண்டு தீவுகள் இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் இருப்பது ஆஸ்திரேலியாவுடையது. நாம் போக வேண்டியது பசிபிக்கின் நடுவில், கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த தீவு. அவர்கள் மொழியில் 'டி' என்று எழுதினால் 'ஸ்' என்று வாசிக்க வேண்டும். அதனால்தான் கிரிட்டிமாட்டி என்று எழுதிவிட்டு கிரிஸ்மஸ் என்கிறார்கள், நாட்டின் பெயரையே கிரிபஸ் என்றுதான் சொல்கிறார்கள். டிக்கெட் தேடும்போது விமான நிலையக் குறியீடு சி.எக்ஸ்.ஐ. என்று இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்.சி.ஹெச். என்று இருந்தால் அது வேறு சமுத்திரம்.

சரி, பிறை விஷயத்துக்கு வருகிறேன். நிலநடுக்கோட்டுக்கு இரண்டே பாகை வடக்கில் இருக்கிற பவளத் தீவு இது. நிலப்பரப்பை வைத்துப் பார்த்தால் உலகத்திலேயே பெரிய பவளத் தீவு இதுதான், கிட்டத்தட்ட 388 சதுர கிலோமீட்டர். நடுவில் ஒரு பெரிய காயல், அதற்குள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கணுக்கால், முழங்கால் ஆழத்தில் வெள்ளை மணல் திட்டுகள். மீன் பிடிப்பதெல்லாம் இந்தத் திட்டுகளில் நடந்துபோய்த்தான். நீர் ஏறும்போது மீனும் அதோடு திட்டுக்கு மேயவரும், வற்றும்போது பள்ளத்துக்கு இறங்கிவிடும். ஆகவே நல்ல வெளிச்சம் இருக்கிற நேரத்தில் திட்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் நம்முடைய வாரத்தைத் தீர்மானிக்கிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும், அஷ்டமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் குறைவு என்பது கடலோரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதல் தடவை நான் யோசிக்காமல் விட்டது இன்னொன்று. ஒரே இடத்தில் பௌர்ணமிக்கு நீர் ஏறி நிற்கிற நேரம் எந்த மாதமானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போய், அஷ்டமி வரும்போது அது ஆறு மணி நேரம் மாறியிருக்கும். அப்படியானால் பிறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், எத்தனை மணிக்குத் தண்ணீர் வேண்டும் என்பதையே தேர்ந்தெடுக்கிறோம். முதல் தடவை நான் அங்கே இருந்த வாரத்தில் வெயில் உச்சியில் நின்று மீன் பளிச்சென்று தெரிய வேண்டிய நேரத்தில்தான் நீர் முழுசாக ஏறி நின்றது. வற்ற ஆரம்பிக்கும்போது வெயில் சாய்ந்துவிடும். அங்கே வருடம் முழுக்கக் காலை ஆறரை வாக்கில் விடிந்து மாலை ஆறரை வாக்கில் இருட்டிவிடும், நாளை இழுத்துக்கொள்ள வழியே இல்லை.

இந்தத் தடவை தீவுக்கான நீர்மட்ட அட்டவணையை அச்செடுத்து, ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது முதல் மூன்று வரை நீர் எப்படி இருக்கும் என்று பென்சிலால் குறித்துவிட்டேன். எனக்கு நீண்ட நேரம் மணலில் நடக்கப் பிடிக்கும், அதனால் ஏற்றம் குறைவான வாரம் வேண்டும். மச்சானுக்குப் பெரிய பாறை மீன் மேல்தான் கண். அதற்கு நீரோட்டம் வேகமாக இருக்கிற பெரிய நீர் நாட்கள்தான் நல்லது என்று அங்கே போகிற பலரும் சொல்வார்கள். இருவருக்கும் பொதுவாக, அஷ்டமி தாண்டி நீர் மெல்லப் பெருக ஆரம்பிக்கிற வாரங்களாக இரண்டைப் பிடித்து வைத்திருக்கிறேன். காயலின் வாயில் ஏறுகிற நீர் உள்ளே கோடி வரை வந்துசேர நேரம் பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல வழிகாட்டி அந்த இடைவெளியைப் பயன்படுத்தி நம்மைத் திட்டிலிருந்து திட்டுக்குப் படகில் மாற்றிக்கொண்டே இருப்பார்.

வாரமாகவே கணக்குப் போட வேண்டியிருப்பதற்குக் காரணம் விமானம். ஃபிஜி ஏர்வேஸ் வாரத்துக்கு ஒரு தடவை ஃபிஜியில் இருக்கிற நாடி, கிரிஸ்மஸ், ஹவாயில் இருக்கிற ஹொனலுலு என்று போய்வருகிறது. தேதியும் அட்டவணையும் மாறலாம், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹொனலுலுவிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். ஆனால் செவ்வாய்க்கிழமை ஏறினால் புதன்கிழமையில் இறங்குவோம். 1995 பிறக்கும்போது கிரிபாட்டி தேதிக்கோட்டைக் கிழக்கே தள்ளிவைத்து, நாடு முழுவதையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்தது. அதனால் ஹவாயிலும் கிரிஸ்மஸிலும் கடிகாரம் ஒரே மணி காட்டும், நாள் மட்டும் ஒன்று கூடுதல். தங்குமிடம், வழிகாட்டி, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் தீவின் தேதிப்படியே எழுதி வையுங்கள். அப்புறம், ஹவாய் வழியாகப் போவதென்றால் விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அமெரிக்க அனுமதி வேண்டும். இறங்கி உள்ளே போய்த்தான் வெளியே வர முடியும். அது கையில் இல்லாதவர்கள் நாடி வழியைப் பார்க்கலாம்.

எந்த மீனுக்காக இவ்வளவு பாடு? எனக்கு போன்ஃபிஷ். சாப்பிடுவதற்காகப் பிடிக்கிற மீன் இல்லை, பிடித்து விட்டுவிடுவதுதான் வழக்கம். உடம்பெல்லாம் கண்ணாடி மாதிரி வெள்ளிச் செதில், கீழே இருக்கிற மணலின் நிறத்தையே திருப்பிக் காட்டும். முதல் நாள் வழிகாட்டி "பதினோரு மணி, நாற்பது அடி" என்று மெதுவாகச் சொன்னபோது என் கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. நாம் பார்த்து நிற்கிற திசை பன்னிரண்டு மணி, அங்கிருந்து கடிகார முள்ளாகக் கணக்கு. "மீனைத் தேடாதே, நிழலைத் தேடு" என்றார். ரொம்ப நேரம் கழித்து, மணலில் சாம்பல் நிறக் கோடு ஒன்று மெல்ல நகர்வது தெரிந்தது. அதற்கு மேலே பார்த்தால் லேசான பச்சை முதுகு, வாலின் ஓரத்தில் கருப்பு. மீன் தலையைக் குனிந்து மணலைக் கிளறி நண்டையும் இறாலையும் தேடும்போது தண்ணீர் குறைவாக இருந்தால் வால்நுனி வெளியே வரும், வெயிலில் அது மின்னுவதைப் பார்த்தால் கை நடுங்கிவிடும். செயற்கை இரையை அதன் முகத்துக்கு நாலைந்து அடி முன்னால் சத்தமில்லாமல் போட்டு, அடியில் உட்காரவிட்டு, விரலளவு விரலளவாக இழுக்க வேண்டும். மீன் பின்தொடர்ந்து வந்து திடீரென்று நிற்கும். அந்த நொடியில் அது வாயில் எடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ராடைத் தூக்கக் கூடாது, இடது கையால் லைனை நேராக இழுத்துத் தூண்டில் முள்ளைப் பதிக்க வேண்டும். ராடைத் தூக்கினால் இரை மீனின் வாயைவிட்டு மேலே போய்விடும். நான் முதல் இரண்டு நாளும் தூக்கித்தான் விட்டுவிட்டேன். மாட்டிவிட்டால் அடுத்த மூச்சுக்குள் நூறு கெஜம் லைனை இழுத்துக்கொண்டு ஓடும், அந்தச் சின்ன உடம்பில் எங்கிருந்து அவ்வளவு வேகம் வருகிறது என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

சாமான் பட்டியலில் ஒரே விதி: அங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஏழாயிரம் பேர் சொச்சம் வாழ்கிற தீவு, முனை ஒடிந்த ராடுக்கு மாற்று அடுத்த விமானத்தில்கூட வராது. போன்ஃபிஷுக்கு எட்டாம் எண் ஃப்ளை ராட் (எண் கூடக்கூட ராடின் பலமும் கூடும்), பெரிய பாறை மீனுக்குப் பன்னிரண்டாம் எண், எட்டில் உபரியாக இன்னொன்று. ரீலில் லைனுக்குப் பின்னால் சுற்றிவைக்கிற உபரி நூலான பேக்கிங் இருநூறு கெஜமாவது இருக்கட்டும். லைனையும் இரையையும் இணைக்கிற மெல்லிய லீடருக்குப் பவளத்தில் உரசினாலும் தாங்குகிற ஃப்ளோரோகார்பன் நல்லது. இரையில் வெளிர் மணல் நிறம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று ஆறாம் எண், எட்டாம் எண் முள்ளில் நிறைய கட்டிக்கொள்ளுங்கள். தீவின் பெயரிலேயே கிறிஸ்துமஸ் ஐலண்ட் ஸ்பெஷல் என்று ஒன்று இருக்கிறது. இரையை அடியில் இறக்குவதற்காக அதன் தலையில் கட்டுகிற மணியைக் கண் என்போம். ஒரே இரையில் கனமான கண், லேசான கண் இரண்டும் வேண்டும். கணுக்கால் தண்ணீரில் கனமானது பொத்தென்று விழுந்து மீனை விரட்டிவிடும். கட்டாயம் எடுத்துப்போக வேண்டியது தண்ணீரின் பளபளப்பைத் தடுக்கிற போலரைஸ்டு கண்ணாடி, அதுவும் இரண்டு. தாமிர நிறக் கண்ணாடியில்தான் எனக்கு மணலில் நன்றாகத் தெரிகிறது. அது இல்லாமல் அங்கே நிற்பதில் அர்த்தமே இல்லை. காலுக்குத் தடித்த அடி வைத்த ஷூ. பவளத்தில் கீறிய சின்னக் காயம்கூட அந்தச் சூட்டில் சீக்கிரம் சீழ்பிடித்துவிடும்.

தூண்டில் முள்ளின் நுனியில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் மீன்பிடிக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மீனை விடுவது சுலபம், நம் கையில் குத்தினாலும் எடுப்பது சுலபம். ஆஸ்பத்திரி சின்னது, வெளியே போவதற்கு வாரத்துக்கு ஒரு விமானம். மீட்பு விமானச் செலவையும் ஏற்கிற காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த மீனை நீருக்குள்ளேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு, முள்ளை எடுத்து உடனே விடுங்கள். களைத்துப்போன மீனுக்காகக் கருநுனிச் சுறாக்கள் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். போட்டோவுக்காக அரை நிமிடம் தூக்கிப் பிடித்தால் அந்த மீன் போய்ச்சேர்ந்துவிடலாம்.

பெரிய பாறை மீனைப் பற்றி மச்சானே வந்து எழுதட்டும். திட்டின் ஓரத்தில் அலைக்குள்ளிருந்து கருப்பாக ஒன்று கிளம்பிவரும், எவ்வளவு வேகமாக இழுக்க முடியுமோ அவ்வளவு வேகமாக இழுத்தால்தான் கடிக்கும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கிளாத்தி மீனும் உண்டு, அது பவளத்தையே கடிக்கிற பல்லால் முள்ளை நசுக்கிவிடும். வெளிக்கடலில் ஆலாப் பறவைக் கூட்டம் சுற்றிச் சுற்றி விழுகிற இடத்துக்குக் கீழே மஞ்சள் துடுப்புச் சூரை இருக்கும். பவளத் திட்டின் மீனைச் சமைப்பதாக இருந்தால் முதலில் ஊர்க்காரரைக் கேளுங்கள். சிகுவடேரா என்கிற நஞ்சு பெரிய மீன்களில் சேர்ந்திருக்கும், சமைத்தாலும் போகாது, பார்த்தாலும் மோந்தாலும் தெரியாது.

செலவுக்கு ஆஸ்திரேலிய டாலர், அதுதான் அங்கே நாணயம். கார்டை நம்பாமல் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வணக்கத்துக்கு "மௌரி", நன்றிக்கு "கோ ராபா". இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொன்னால் முகங்கள் மலர்வதைப் பார்க்கலாம்.

தீவைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். 1777 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கேப்டன் குக் வந்து சேர்ந்ததால் இந்தப் பெயர். காயலின் வாயில் ஒரு பக்கம் லண்டன் என்ற ஊர், எதிர்க்கரையில் பாரிஸ். பாரிஸில் இன்று இடிபாடுதான் மிச்சம், தென்னந்தோப்பு போட வந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வாழ்ந்த இடம் அது. பாரிஸ் திட்டு போன்ஃபிஷுக்குப் பேர்போனது. 1957, 1958இல் பிரிட்டனும் 1962இல் அமெரிக்காவும் இந்தப் பகுதியில் அணுகுண்டுச் சோதனை நடத்தின. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு அதை நினைத்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. 2015-16இல் வந்த எல் நினோவில் கடல் மாதக்கணக்கில் சூடாகி, தீவைச் சுற்றியுள்ள பவளத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் செத்துப்போனது. பொதுவாக வறண்ட தீவு, எல் நினோ வருடங்களில் மழை கொட்டும், மேகம் மூடினால் மீன் தெரியாது. அதனால் பிறையோடு அந்த முன்னறிவிப்பையும் பார்த்துவிட்டுத்தான் மாதத்தை முடிவு செய்கிறேன்.

இப்போதைக்கு இரண்டு வாரங்களையும் மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். அவன் லீவு வாரம் இரண்டிலும் இல்லை. ஆபீஸில் கேட்டு மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். அதுவரை தினமும் அரை மணி நேரம் எதிர்க்காற்றில் நின்று நாற்பது அடி வீசிப் பழகச் சொல்லியிருக்கிறேன், இடது கையால் லைனை இழுக்கிறதையும் சேர்த்து.